அம்மா படுக்கையில், இரவுக்கு ஆள் யார்? வீட்டில் வைத்துப் பார்ப்பதைத் திட்டமிட்டவர்கள் சொல்லுங்கள்

தருமபுரத்தாள் | பெப்ரவரி 21, இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டம், தருமபுரம் பக்கம். அம்மாவுக்கு 71 வயது. தைப்பொங்கலுக்கு நான்கு நாள் முன்னர், விடிய முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர் விளக்குமாற்றோடு சரிந்துவிட்டார். பாரிசவாதம். 1990 இலக்கத்துக்கு அடித்தோம், அம்புலன்ஸ் கெதியாய் வந்தது. 16 நாள் வார்ட்டில் வைத்து உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், அதற்கு என்றைக்கும் நன்றி. ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று "வீட்டில் வைத்து வடிவாகப் பாருங்கள், கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள்" என்றதோடு சரி. எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் இல்லை.

வீட்டில் நானும் இவரும் இரண்டு பிள்ளைகளும். மகளுக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. இவர் மேசன் வேலை, கிழமையில் நான்கு நாள் வெளியூர். பெரியண்ணா கனடாவில். அக்கா வவுனியாவில் படிப்பிக்கிறார். சின்னண்ணா 2009இல் காணாமல் போனவர். அம்மா விழும்வரைக்கும், கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 மாசியில் தொடங்கிய போராட்டத்துக்குப் பஸ் ஏறிப் போய் வந்தவர். சின்னண்ணாவின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்த கைதான் இப்போது கட்டிலில் கிடக்கிறது.

பெரியண்ணா காசு அனுப்புகிறார், இல்லையென்று சொல்லமாட்டேன். "ஒரு ஆளைப் பிடித்து விடு, இல்லாவிட்டால் முதியோர் ஹோம் ஒன்றில் கேட்டுப்பார்" என்கிறார். அக்கா சனி ஞாயிறு வருவதாகச் சொன்னார், இதுவரை இரண்டு தடவை வந்தார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நான் ஒருவரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவில் மூன்று தடவை எழும்புகிறேன், பகலில் தூங்க வழியில்லை. நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கும்போது எனக்குக் கண் சொருகி, கரண்டி அம்மாவின் கழுத்தடியில் விழுந்தது. அம்மா என்னையே பார்த்தார். அப்போதுதான் பயம் வந்தது. இப்படியே போனால் இந்த வீட்டில் இரண்டு வருத்தக்காரர் ஆகிவிடுவோம்.

எங்கே தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

வவுனியா மிஸி | பெப்ரவரி 21, இரவு 11.30

தங்கச்சி, கரண்டி விழுந்ததை மறைக்காமல் எழுதினீர்களே, அதுதான் தொடக்கம்.

நான் 33 வருடம் வார்ட்டுகளில் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்களுக்கும் நேரம் இருப்பதில்லை, அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் வாசலில் நிற்பார். சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிய முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் வரும்.

திட்டம் என்றதும் எல்லோரும் மருந்தில் தொடங்குவார்கள். மருந்து கிளினிக் கொப்பியில் இருக்கிறது, அது சுலபம். நீங்கள் இரவில் தொடங்குங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து மூன்று நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எதற்கு, எவ்வளவு நேரம் போனது, அதை ஒருவர் செய்யலாமா, இரண்டு பேர் வேண்டுமா. விளக்கம் ஒன்றும் வேண்டாம். இரவு 1.10, ஈரம், 25 நிமிடம், இரண்டு பேர். அவ்வளவுதான். இந்தக் கொப்பி இல்லாமல் அண்ணாவோடும் அக்காவோடும் கதைத்தால் நீங்கள் அழுவீர்கள், அவர்கள் ஆறுதல் சொல்வார்கள், போன் வைத்துவிடுவார்கள். கொப்பி இருந்தால் "செவ்வாய் இரவு 1.10க்கு யார்" என்று கேட்கலாம்.

அப்புறம் சாப்பாடு. பாரிசவாதக்காரருக்குத் தண்ணீரும் பிளேன்ரீயும்தான் ஆபத்துக் கூடியவை. மெல்லியது தொண்டையில் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதில் நெஞ்சுச் சளி வந்து காய்ச்சலாகும். புட்டு உதிரும், அதுவும் இப்போது வேண்டாம். குழையக் காய்ச்சிய கஞ்சி, மசித்த பூசணி, சொதியில் நன்றாக ஊறவிட்டுப் பிசைந்த இடியப்பம், இப்படிக் கொடுங்கள். முதுகு நிமிர இருத்தி, நாடி கொஞ்சம் கீழே பார்க்க, நல்ல பக்கக் கன்னத்தில், தேக்கரண்டி அளவில். விழுங்கிய பிறகு மற்றக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் சாய்க்க வேண்டாம். இருமினாலோ, குரல் ஈரமாகக் கேட்டாலோ நிறுத்துங்கள். அடிக்கடி நடந்தால் கிளினிக்கில் சொல்லி, விழுங்குவதைச் சோதிக்கக் கேளுங்கள்.

சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். தலகணி வைத்துத் தாங்கிக் கொடுங்கள். பிசியோவை விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில்தான் உடம்பு கூடுதலாகத் திரும்பிப் பிடிக்கும், நீங்கள் அதன் நடுவில் நிற்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. பேச்சுப் போனவர் எல்லோரும் விளங்காதவர் இல்லை. அம்மாவை வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிக் கதைக்காதீர்கள். அவரையும் கேளுங்கள்.

தருமபுரத்தாள் | பெப்ரவரி 22, காலை 5.15

மிஸி அக்கா, இவ்வளவு நாளும் பிளேன்ரீதான் கொடுத்தேன். அம்மாவுக்கு அதுதான் விருப்பம். ஒவ்வொரு முறையும் இருமினார், சளி என்று நினைத்து மல்லி அவித்துக் கொடுத்தேன். அதுவும் தண்ணீர்தானே. இன்றிலிருந்து கொப்பி எழுதுகிறேன்.

மல்லாவியான் | பெப்ரவரி 22, மாலை 6.40

தங்கச்சி, என் மனைவிக்கு 2009 சண்டையில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்றிலிருந்து நான்தான் பார்க்கிறேன். எனக்குக் கதை எழுத வராது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

படுக்கைப் புண்ணுக்குப் பயப்படுங்கள். மனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்கு அது தெரியாது. சின்னச் சிவப்பு என்று எண்ணெய் பூசித் தேய்த்தேன். தேய்த்ததில் உள்ளே இன்னும் கெட்டுப்போய், கடைசியில் எலும்பு தெரிந்தது. ஆறுவதற்கு ஒன்றரை வருடம் எடுத்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். குண்டிப் பட்டை, இடுப்பு எலும்பு, குதிக்கால், முழங்கை, இவற்றை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் நிறத்துக்குச் சிவப்புத் தெரியாது, கறுத்துத் தெரியும், தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருக்கும். விரலால் அமத்தி எடுத்தும் நிறம் வெளுக்கவில்லை என்றால் அது தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், மிஸிமாரிடம் காட்டுங்கள். குதிக்கால் மெத்தையில் முட்டாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலகணி வையுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலகணி விற்கிறார்கள், வாங்க வேண்டாம். காற்று மெத்தை நல்லது, ஆனால் கரண்ட் போனால் அதுவும் பலகைதான். அது இருந்தாலும் புரட்ட வேண்டும்.

புரட்டுவதற்குப் பழைய பருத்திச் சீலையை நாலாக மடித்து தோளில் இருந்து தொடை வரைக்கும் கீழே போட்டு வையுங்கள். ஆளைப் பிடித்து இழுக்காமல் சீலையைப் பிடித்து இழுக்கலாம். உங்கள் நாரியும் தப்பும், அம்மாவின் தோலும் தப்பும்.

மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதித்தவர்கள் சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு இருக்கிறது. உங்கள் அம்மாவின் வருத்தம் வேறு, ஆனால் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும் வேலை ஒன்றுதான். அங்கே உள்ளவர்களோடு கதைத்துத்தான் நான் பாதி படித்தேன். மாங்குளம் ஆஸ்பத்திரியில் 2024இல் திறந்த புனர்வாழ்வு நிலையமும் இருக்கிறது. பிசியோவுக்கு அங்கே அனுப்ப முடியுமா என்று கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள்.

வயல்காரன் | பெப்ரவரி 22, இரவு 8.05

மன்னிக்க வேண்டும், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் ஆச்சியை என் அம்மா எட்டு வருடம் பார்த்தவர். ஒரு கொப்பியும் எழுதவில்லை, ஒருவரிடமும் பங்கு கேட்கவில்லை. பெற்றவளைப் பார்ப்பதற்கு அட்டவணை போட்டால் அது கடமையா, கூலி வேலையா? ஹோம் என்ற பேச்சைக் கேட்கவே எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை இடப்பெயர்விலும் கிழவர்களைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்த சனம் நாங்கள்.

வவுனியா மிஸி | பெப்ரவரி 22, இரவு 8.50

தம்பி, சைக்கிளில் வைத்து உருட்டினோம். ஒருவர் ஹாண்டிலைப் பிடித்தார், இன்னொருவர் பின்னால் தாங்கினார், மூன்றாமவர் மூட்டையைத் தூக்கினார். தனியாக உருட்டியவர் கொஞ்சம்.

உங்கள் ஆச்சி காலத்தில் ஒரு ஒழுங்கையில் ஆறு வீடு இருந்தால் ஆறும் சொந்தமாக இருந்திருக்கும். கேளாமலே சித்தி வந்து குளிக்க வார்த்திருப்பார், மாமி சோறு கொண்டு வந்திருப்பார். மீள்குடியேறிய பிறகு யார் எங்கே இருக்கிறோம் என்று யோசியுங்கள். அப்போது வேலியால் வந்த உதவி இப்போது அட்டவணை போட்டால்தான் வரும்.

உங்கள் அம்மா இருந்தால், அந்த எட்டு வருடத்தில் எத்தனை இரவு முழு நித்திரை கொண்டார் என்று ஒருக்கால் கேளுங்கள். கோபத்தில் சொல்லவில்லை.

ஸ்காபரோவில் இருந்து | பெப்ரவரி 23, காலை 7.20

தங்கச்சி, நான் உங்கள் பெரியண்ணாவின் இடத்தில் இருப்பவன். புதுக்குடியிருப்பு. அப்பா கடைசி நான்கு வருடம் தங்கச்சியோடு இருந்தவர்.

தூரத்தில் இருப்பவனுக்கு வரும் அந்தரம் வேறு விதம். ஒன்றும் செய்ய முடியாது என்ற குற்ற உணர்வில் கட்டளை போடத் தொடங்குவோம். "டொக்டரை மாற்று, ஆளைப் பிடி, ஹோமில் விடு." நானும் அப்படித்தான் கத்தினேன். ஒருநாள் தங்கச்சி, "அண்ணா, காசு வந்தது, நன்றி. அந்தக் காசு இரவு இரண்டு மணிக்கு எழும்பாது" என்றாள். ஒரு கிழமை நான் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, "எனக்கு ஒரு வேலை தா" என்றேன்.

அவள் மூன்று வேலை தந்தாள். முதலாவது, பம்பஸ், மருந்து, ஓட்டோக் காசு எல்லாவற்றுக்கும் கணக்கு நான் வைப்பது. அவள் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவாள். ஒவ்வொரு செலவுக்கும் என்னிடம் கேட்க வேண்டி இருந்த வெட்கம் அதோடு போனது. இரண்டாவது, சித்தப்பாமார், மச்சான்மார் என்று நலம் விசாரிக்கும் எல்லோருக்கும் நானே பதில் சொல்வது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு ஒரே கதையைச் சொல்லி அவள் களைத்திருந்தாள். மூன்றாவதுதான் பெரியது. கோடையில் எனக்கு இரவு 9.30 என்றால் அங்கே காலை 7 மணி. ஒவ்வொரு நாளும் அந்த ஒரு மணித்தியாலம் வீடியோவில் நான் அப்பாவோடு இருப்பேன். பேப்பர் வாசிப்பேன், பழைய வன்னேரிக் கதை கேட்பேன். அவர் எழும்ப வெளிக்கிட்டால் "அப்பா இருங்கோ" என்று சத்தம் வைப்பேன், தங்கச்சிக்கு மற்றப் போனில் அடிப்பேன். அந்த ஒரு மணித்தியாலம் அவள் குளித்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்தினாள்.

அண்ணாவிடம் காசுக்கு மேலே வேலை கேளுங்கள். கேட்டால் செய்வார் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் கேட்கக் காத்திருப்பவர்கள்.

பிரதேச செயலகத்தான் | பெப்ரவரி 23, மத்தியானம் 12.45

நான் ஒரு பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பக்கம் வேலை செய்கிறேன். கடதாசி விஷயங்களைச் சொல்கிறேன், திட்டத்தில் இதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தின் கீழ் வருமானம் குறைந்த குடும்பங்களில் 70 வயது கடந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு உண்டு. 2025இல் அது 3,000 ரூபாவில் இருந்து 5,000 ஆக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 7,500இல் இருந்து 10,000 ஆனது. எது பொருந்தும் என்பதைக் கிராம சேவையாளரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். மருத்துவச் சான்றுக்குக் கிளினிக் நாளிலேயே கேட்டு வையுங்கள், அதற்கென்று அம்மாவை இன்னொரு தடவை ஓட்டோவில் ஏற்ற வேண்டாம். முதியோர் அடையாள அட்டை எடுக்காவிட்டால் எடுங்கள், 60 வயதில் இருந்தே கொடுப்பார்கள். சக்கர நாற்காலி, கொமட் கதிரைக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். உடனே வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பதிவில் இல்லாதவருக்கு வராது. யாழ்ப்பாணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஜெய்ப்பூர் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

காணி. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் இருப்பது உறுதிக் காணியில் இல்லை, அரச அனுமதிப்பத்திரக் காணியில். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வருவது. பின்னுரித்தாளரை, அதாவது காணி அடுத்து யாருக்கு என்பதை, பதியாமல் விட்டால், பின்னர் உடன்பிறந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கிறார்கள். பார்த்தவளுக்கு ஒன்றும் இல்லை, பாராதவர் பங்கு கேட்கிறார் என்ற கதை கிழமைக்கு ஒன்று வரும். அம்மா விளங்கிக்கொண்டு தலையாட்டும் நிலையில் இருக்கும்போதே, எல்லோரும் அறிய, இதைப் பேசி முடியுங்கள். வங்கிக் கணக்கும் அப்படித்தான். கையெழுத்து வைக்க முடியாதவருக்கு என்ன ஒழுங்கு என்று வங்கியில் இப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, வயல்காரன் அண்ணா எழுதியதற்கு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பிள்ளைகள் என்று பன்மையில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மகளின் கடமை என்று அதில் இல்லை.

முத்தையன்கட்டு | பெப்ரவரி 24, இரவு 9.10

என் அம்மாவுக்கு உடம்பு நல்ல பலம், நினைவுதான் போய்க்கொண்டிருக்கிறது. மறதி நோய். திட்டம் என்றால் படுக்கையில் இருப்பவருக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

பின்னேரம் இருள் மூடும் நேரம்தான் எங்களுக்குக் கஷ்டம். கோவில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினால், வானத்தில் ஹெலி போனால், அம்மா பையை எடுத்து அடுக்கத் தொடங்குவார். அடையாள அட்டை, ஒரு சீலை, சீனிப் போத்தல், அப்பாவின் படம். "வெளிக்கிடு, சனம் எல்லாம் போகுது" என்பார். முதல் வருடம் நான், "அம்மா, சண்டை முடிந்து எத்தனை வருடம், எங்கும் போகத் தேவையில்லை" என்று வாதாடினேன். அவருக்கு என் மேல் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அவர் கண்ணுக்குச் சனம் போகிறது. இப்போது வாதாடுவதில்லை. "சரி அம்மா, நானும் வாறன், முதலில் தேத்தண்ணி குடிப்போம்" என்று பக்கத்தில் இருந்து பையை நானும் சேர்ந்து அடுக்குவேன். அரை மணித்தியாலத்தில் கை ஓய்ந்துவிடும். அந்தப் பையை நான் ஒளிப்பதில்லை, கட்டிலுக்குக் கீழே அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. பை இருக்கும்வரை அவருக்கு நிம்மதி.

கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடினேன். படலைக்கு மணி கட்டினேன். அம்மாவின் இடது கையில் என் போன் இலக்கம் எழுதிய வளையல். பக்கத்து நான்கு வீட்டுக்கும் கடைக்காரருக்கும், "அம்மா தனியாக ரோட்டில் வந்தால் எங்கே போகிறீர்கள் என்று கேளாமல், கையைப் பிடித்து இருத்தி வையுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நான்கு வீடும் என் திட்டத்தில் உள்ளவர்கள்தான்.

மருந்தைப் பற்றிக் கேட்டுச் சிலர் தனிமடல் போடுகிறீர்கள். அதை மனநலப் பிரிவு டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். நாடு முழுக்க 1926 என்ற மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. எனக்கே ஒரு இரவு தாங்க முடியாமல் போனபோது அதற்கு எடுத்தேன்.

முழங்காவில் பிள்ளை | பெப்ரவரி 25, காலை 9.00

ஹோம் பற்றி ஒரு வார்த்தை. என் பெரியப்பா கல்யாணம் செய்யாதவர். எங்கள் எல்லோர் வீட்டிலும் மாறி மாறி இருந்து பார்த்து, கடைசியில் அவரே கேட்டு கைதடி அரச முதியோர் இல்லத்துக்குப் போனார். நாங்கள் கொண்டுபோய்த் தள்ளவில்லை. மாதம் ஒருக்கால் போய் வருவோம், பனங்காய்ப் பணியாரம் கொண்டுபோவோம். அங்கே அவருக்குக் கடதாசி விளையாட ஆள் இருக்கிறது. ஒவ்வொருவர் நிலைமையையும் பார்த்துத்தான் பேச வேண்டும். இந்தத் தங்கச்சியின் அம்மாவுக்கு அது சரிவராது என்றுதான் எனக்கும் படுகிறது, ஏனென்றால் அவர் எதிர்பார்த்து இருப்பது அந்த வீட்டுப் படலையை.

வயல்காரன் | பெப்ரவரி 25, இரவு 7.30

மிஸி அக்கா, அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆச்சி செத்து எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் தான் அடுப்படியில் மயங்கி விழுந்ததைச் சொன்னார். எனக்கு அப்போது 11 வயது. வெயில் என்று சொன்னார்கள், அதை நம்பிக்கொண்டே வளர்ந்துவிட்டேன். ஹோம் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. அட்டவணை பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தங்கச்சி, நான் பரந்தனில்தான் இருக்கிறேன். கிளினிக் நாளில் வாகனம் தேவை என்றால் எழுதுங்கள்.

தருமபுரத்தாள் | மார்ச் 9, இரவு 9.45

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

கொப்பி மூன்று நாள் என்று தொடங்கி ஒன்பது நாள் எழுதினேன். படம் எடுத்து அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன், ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அக்கா அன்று இரவே எடுத்து, "நீ நாலு மணித்தியாலத்துக்கு மேலே ஒரு நாளும் படுக்கவில்லையே" என்று அழுதார். அண்ணா மறுநாள் எடுத்தார். அவரும் ஹோம் பேச்சு எடுக்கவில்லை.

போன ஞாயிறு அம்மாவின் கட்டிலடியில் கூடினோம். அக்கா, அத்தான், இவர், மகள், பக்கத்து வீட்டு மாமி, போனில் அண்ணா. அம்மாவைச் சாய்த்து இருத்தி நடுவில் வைத்தோம். ஓம் என்றால் இடது கையால் என் கையை ஒருக்கால் அமத்துவார், இல்லை என்றால் இரண்டு தரம். இரண்டு நாள் முன்னரே பழக்கிவிட்டேன். "ஆளை வைத்துப் பார்க்கலாமா" என்று கேட்டோம். இரண்டு தரம். "பகலில் மட்டும், தெரிந்த ஆள் என்றால்?" கொஞ்சம் யோசித்து ஒருக்கால். "வவுனியாவில் அக்காவோடு போய் இருக்கிறீர்களா?" மூன்று நான்கு தரம் அமத்தினார், கையை விடவில்லை. சின்னண்ணா வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான். நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் விளங்கியது. அக்கா எழும்பிப் போய் சாமியறையில் இருந்த சின்னண்ணாவின் படத்தை எடுத்து வந்து, அம்மா இடப்பக்கம் திரும்பினால் தெரியும் இடத்தில் ஆணி அடித்து மாட்டினார். வலப்பக்கம் புரட்டி வைக்கும் நேரத்துக்கு அவர் கண்ணுக்கு முன்னால் யன்னலும் படலையும்.

முடிவு செய்தது இது. வெள்ளி இரவும் சனி இரவும் அக்காவுடையது. வெள்ளி பள்ளி முடிந்து பஸ் ஏறி வந்து ஞாயிறு பின்னேரம் போவார். அந்த இரண்டு இரவும் நான் மற்ற அறையில் கதவைப் பூட்டிப் படுக்க வேண்டும் என்று அக்காவே சட்டம் போட்டார். இவர் வீட்டில் நிற்கும் நாட்களில் விடிய 4 மணிப் புரட்டல் அவருடையது. பக்கத்து மாமி காலை 9 முதல் 12 வரை வந்து குளிப்பாட்டுவதற்கும் கதிரையில் இருத்துவதற்கும் கை கொடுப்பார், அதற்கு அண்ணா மாதச் சம்பளம் கொடுக்கிறார். மாமி சும்மா செய்கிறேன் என்றுதான் சொன்னார், நாங்கள்தான் விடவில்லை. சும்மா என்றால் கேட்க எனக்குக் கூச்சம் வரும். அண்ணா காலை ஒரு மணித்தியாலம் வீடியோவில். மகளிடம் எதையும் கொடுக்கவில்லை, அவள் படிக்கட்டும். ஆனால் அம்மம்மாவின் தலையை நான்தான் வாரி இழுப்பேன் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

வீடு இந்திய வீட்டுத்திட்ட வீடு, மலசலகூடம் பின்வளவில், இரண்டு படி. இவர் அந்தப் படியை உடைத்துச் சாய்தளம் போட்டுவிட்டார். ஒரு ஞாயிறு வேலை. இத்தனை வீடு கட்டிய மனுசனுக்கு எங்கள் வீட்டுப் படி இப்போதுதான் கண்ணில் பட்டது.

காணி விஷயமும் பேசினோம். அதை இங்கே எழுதவில்லை, ஆனால் சண்டை வரவில்லை.

வவுனியா மிஸி | மார்ச் 10, காலை 6.30

தங்கச்சி, வாசித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது. இரண்டே இரண்டு கேள்வி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார்? டெங்கு வந்து நீங்கள் ஐந்து நாள் வார்ட்டில் கிடந்தால்? அந்தப் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள். எந்த நேரம் என்ன மருந்து, எப்படிப் புரட்டுவது, எதைச் சாப்பிடுவார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள், புதிதாக வருபவர் உங்களிடம் கேளாமல் செய்யக்கூடியதாக. பிரஷர் குளிசையை "இப்போது நல்லாத்தானே இருக்கிறார்" என்று ஒருவரும் நிறுத்த விடாதீர்கள், அடுத்த பாரிசவாதம் அப்படித்தான் வரும்.

மற்றது, மழை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் வந்தபோது நடக்க முடியாதவர்களைத்தான் கடைசியில் ஏற்றினார்கள், ஏனென்றால் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஐப்பசிக்கு முன்னரே கிராம சேவையாளரிடம் அம்மாவின் பெயரைச் சொல்லி வையுங்கள். தூக்கிப் போக யார் வருவார்கள், எந்த மேட்டு வீடு என்றும் பேசி வையுங்கள்.

தருமபுரத்தாள் | மே 14, இரவு 8.20

இரண்டு மாதமாக எழுதவில்லை. அக்கா வராத கிழமை மூன்று இருந்தது, பள்ளிப் பரீட்சை. அந்தக் கிழமைகளில் மாமியின் மகள் இரவு வந்து படுத்தாள். அண்ணா ஒரு நாளும் தவறவில்லை. அம்மாவின் வலது கால் கொஞ்சம் தாங்குகிறது, இரண்டு பேர் பிடித்தால் கதிரைக்கு மாறுவார். புண் ஒன்றும் இல்லை, மல்லாவி அண்ணா, ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பார்க்கிறேன். பேச்சில் "ஓம்" மட்டும் வந்திருக்கிறது. அதை வைத்து இப்போது வீட்டையே ஆளுகிறார்.

ஒரு உதவி வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். தொலைக்காட்சியில் கோவிலைக் காட்டியபோது "ஓம், ஓம்" என்று கையை விடவில்லை. சின்னண்ணாவுக்கு வைத்த நேர்த்தி ஒன்று அங்கே இருக்கிறது. சனம் நெரியும் நாளுக்கு வேண்டாம், பொங்கலுக்கு அடுத்த கிழமை போவோம் என்று கேட்டோம், அதற்கும் ஓம். வயல்காரன் அண்ணா வாகனம் தருகிறார். சக்கர நாற்காலி கிடைத்துவிட்டது. கோவில் வீதி மணலில் அது உருளுமா?

மல்லாவியான் | மே 14, இரவு 9.05

முன்னுக்குத் தள்ளினால் சின்னச் சில்லு மணலில் புதைந்து அம்மா முன்னால் விழுவார். நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். பெரிய சில்லு முதலில் போகும். இடுப்புக்கு ஒரு சீலையால் கட்டுங்கள். இரண்டு ஒட்டுப்பலகை கொண்டு போங்கள், ஆழமான இடத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போட்டு உருட்டலாம். வெயிலுக்கு முன்னம், காலை 6 மணிக்கு வாசலில் நில்லுங்கள். நான் மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன், பலகை என்னிடம் இருக்கிறது.